முப்பத்தொன்றாவது குண்டு

"காலி" என்றான் கிளின்ட். "காலி" என்றேன் நானும். நான் குனியக்கூட இல்லை.

காலை ஏழு மணியிலிருந்து ஆர்டித் அம்மாவின் தகர ஷெட்டில் இதே வேலைதான். அலமாரியிலிருந்து ஒரு பீரங்கிக் குண்டை இறக்க வேண்டும், துணியால் துடைக்க வேண்டும், அதன் வயிற்றில் துளைத்திருக்கும் ஓட்டையில் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும், "காலி" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும், டார்ச்சை அடுத்தவனிடம் கொடுக்க வேண்டும். அவனும் பார்த்துச் சொன்ன பிறகுதான் பழைய கம்பளியில் சுற்றி எங்கள் பிக்கப் வண்டியின் பின்னால் அடுக்குவது. ஓட்டை சுண்டுவிரல் நுழைகிற அளவுதான் இருக்கும். உள்ளே வெறும் இருட்டும் கொஞ்சம் துருவும் தெரிந்தால் அது வெடிமருந்து இல்லாத செத்த குண்டு. எண்பது வருஷத்துக்கு முன்னால் யாரையோ கொல்வதற்காகச் செய்த இரும்பு, இப்போது அலமாரியில் நிற்கிற சாமான். இரண்டு பேர் பார்க்க வேண்டும், இரண்டு பேரும் சொல்ல வேண்டும் என்பது என் அக்கா லோர்னா போட்ட சட்டம். கிளின்ட் அவளுடைய புருஷன். அவர்களுடைய மூத்த மகள் டெலியா பிறந்த அன்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே அவனிடம் சத்தியம் வாங்கினாள். "ஒருத்தர் கண்ணு எனக்குப் பத்தாது. ரெண்டு பேர் பாத்து ரெண்டு பேரும் சொன்னாத்தான் அது என் வீட்டு வாசப்படி ஏறணும்." அந்த இரண்டாவது ஆள் நான். அன்றைக்கு எனக்குப் பத்தொன்பது வயது. பெரிய பதவி கிடைத்த மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது ஞாபகம் இருக்கிறது.

இது மூன்றாவது நாள். அயோவாவிலிருந்து கிளம்பி கான்சாஸில் ஒரு பண்ணை ஏலம், கொலராடோ எல்லையில் ஒரு பழைய ராணுவ சாமான் சந்தை, இப்போது நெப்ராஸ்காவின் மேற்கு மூலையில் இந்த வீடு. ஆயிரத்து நானூறு மைல். இரண்டு மோட்டல்களிலும் ஒரே சோப்பு வாசனை, ஒரே சளி பிடித்த ஹீட்டர். என் முதுகு யாரோ இரண்டாக மடித்துவிட்டுப் பிரிக்க மறந்துவிட்ட அட்டைப் பெட்டி போலிருந்தது. டயர் கடையில் வேலை பார்க்கிறவனுக்கு முதுகுவலி புதிதில்லை. ஆனால் டயர் உருளும், உதவி செய்யும். பீரங்கிக் குண்டு உதவி செய்யாது.

ஆனாலும் வந்தோம். ஏனென்றால் இது ஆர்டித் அம்மாவின் புருஷன் வெண்டலின் சரக்கு. குண்டு சேகரிக்கிற ஆட்கள் நாடு முழுக்கச் சேர்த்து ஆயிரம் பேர் தேறினால் அதிகம். அத்தனை பேருக்கும் வெண்டலைத் தெரியும். எதை வாங்கினாலும் தானே மூக்கைக் கழற்றி, உள்ளே கழுவி, வயிற்றில் ஓட்டை போட்டு, செம்புக் கம்பியில் ஒரு மஞ்சள் அட்டை கட்டித் தொங்கவிடுவார். என்ன குண்டு, எந்த வருஷம், எந்தத் தேதியில் காலி செய்தார் என்று எழுதி, கீழே ஒரு சாய்ந்த கையெழுத்து. இணையத்தில் எங்கள் ஆட்கள் சண்டை போட்டுக்கொள்ளும்போதுகூட, "இது வெண்டல் அட்டை போட்டது" என்று ஒருவன் சொல்லிவிட்டால் மற்றவன் வாயை மூடிக்கொள்வான். ஏப்ரலில் அவர் இறந்துவிட்டார். ஆர்டித் அம்மா அரிசோனாவில் இருக்கும் மகளிடம் போகப் போகிறார். ஒன்றொன்றாகப் பிரித்து விற்க மனமில்லை, மொத்தமாக எடுத்து மொத்தமாக வைத்துக்கொள்கிறவர்களுக்குத்தான் தருவேன் என்று கடிதம் எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டுதான் கிளின்ட் இந்தப் பயணத்துக்கு அக்காவிடம் அனுமதி வாங்கினான். இதுதான் கடைசி என்று சொல்லி வாங்கினான். அவன் கடைசி என்று சொன்னது இது எத்தனையாவது தடவை என்று அக்காவைத்தான் கேட்க வேண்டும்.

முப்பத்தொன்றாவது குண்டை இறக்கியபோது ஆர்டித் அம்மா ஒரு தட்டோடு வந்தார். முட்டைக்கோஸும் மாட்டுக்கறியும் அடைத்த சூடான பன்.

"பசங்களா, சாப்ட்டுட்டுப் பண்ணுங்க. அது எங்கயும் ஓடிராது."

"ஓடுனா நாங்க ஓடுறதுதாம்மா வேகமா இருக்கும்" என்றான் கிளின்ட். அவர் சிரித்தார். கணவன் போன பிறகு அந்த ஷெட்டில் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள் என்று தோன்றியது. ஏனென்றால் சிரித்துவிட்டுச் சுற்றிலும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

அப்போதுதான் கிளின்ட் "காலி" என்றான். நானும் சொன்னேன். நான் பார்த்துக்கொண்டிருந்தது குண்டின் அடிப்பக்க விளிம்பை. அங்கே 1943 என்று குத்தியிருந்தது, பக்கத்தில் ஒரு குட்டி மணி. சோதித்த ஆளின் முத்திரை. எனக்கு இந்தக் குண்டுகளில் பிடித்ததே அதுதான். வெடிப்பதிலெல்லாம் எனக்கு ஆர்வம் இல்லை. யாரோ ஒரு பெண், தையல் மெஷின் செய்துகொண்டிருந்த ஏதோ ஒரு தொழிற்சாலையில், போர் வந்ததும் வரிசையில் நின்று, ஒரு நாளைக்கு ஐந்நூறு தடவை அந்தக் குட்டி மணியைக் குத்தியிருக்கிறாள். நான் பார்த்துவிட்டேன், இது சரி என்று அதற்கு அர்த்தம். வலது பக்கம் லேசாகச் சாய்ந்து விழுந்திருந்தது மணி. இடது கைக்காரியோ என்று யோசித்துக்கொண்டே டார்ச்சை வாங்கி, அணைத்து, பையில் போட்டுக்கொண்டேன்.

பதினொன்றரைக்குக் கிளம்பினோம். நான்தான் ஓட்டினேன். கிளின்ட் ஷூவைக் கழற்றிக் கீழே தள்ளிவிட்டு, காலுறையோடு கால்களை டாஷ்போர்டில் வைத்து, தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டான்.

"மாப்ள, என்னை வீட்டு வாசல்ல எழுப்பு."

"ஆறரை மணி நேரம் தூங்குவியா மச்சான்?"

"ரெண்டு பொம்பளப் புள்ளைங்க வச்சிருக்கவன்டா. சான்ஸ் கெடைக்கிறப்ப தூங்கிக்கணும்."

அக்டோபர் கடைசி. எண்பதாம் நெடுஞ்சாலை நெடுக அறுவடை. மாட்டுப் பட்டிகளின் நாற்றம் கண்ணாடியை மூடினாலும் உள்ளே வந்து பத்து மைல் கூடவே உட்கார்ந்திருந்தது. பின்னால் முப்பத்தேழு குண்டுகள், மேலே தார்ப்பாய். பாலத்து இணைப்புகளில் ஏறி இறங்கும்போதெல்லாம் ஒரு கனத்த முனகல். நான் கண் செருகாமல் இருக்க ஒவ்வொன்றாக மனதில் எண்ணிக்கொண்டு வந்தேன். முதல் குண்டு, ஓட்டை வலது பக்கம், உள்ளே சிலந்தி வலை. இரண்டாவது, ஓட்டை சற்று மேலே. ஒன்பதாவது, பத்தாவது. இருபதுக்கு மேல் எனக்குச் சிக்கல் வந்தது. முப்பத்தொன்றில் நின்றுவிட்டேன். சாம்பல் நிற வெற்றிரும்பு, பெயின்ட் முழுக்க உரித்தது, 1943, சாய்ந்த மணி, மஞ்சள் அட்டை. ஓட்டை?

ஓட்டை ஞாபகத்தில் இல்லை. பார்க்காதது எப்படி ஞாபகத்தில் இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிறகு இன்னொன்று வந்தது. அடிப்பக்கத்து மணியைப் பார்க்க நான் அந்தக் குண்டை மடியில் போட்டு முழுச் சுற்றுச் சுற்றியிருந்தேன். கையில் ஓட்டை தட்டுப்படவில்லை. அதற்குப் பிறகு அறுபது மைல் ஓட்டினேன். அறுபது மைலும் அந்தக் குண்டின் வழவழப்பு என் உள்ளங்கையிலேயே இருந்தது.

நெடுஞ்சாலையை விட்டு வெளியேறும் அடுத்த வழியில் இறங்கி, ஒரு சரளைக்கல் பாதையில் கொஞ்ச தூரம் போய், மக்காச்சோள வயலோரம் நிறுத்தினேன். கிளின்ட் அசையவில்லை. தார்ப்பாயை அவிழ்த்து, பக்கவாட்டில் கிடந்த அந்தக் கம்பளிச் சுருட்டை வெளியே எடுத்துப் பிரித்தேன். ஒரு தடவை சுற்றிப் பார்த்தேன். கையுறையைக் கழற்றிவிட்டு விரலால் தடவிப் பார்த்தேன். அடிப்பக்கம் பார்த்தேன். மூக்கு இறுகிப் பூட்டியிருந்தது, மரையெல்லாம் துரு. யாரும் அதை எண்பது வருஷமாகக் கழற்றவில்லை.

"என்ன மாப்ள, ஞானஸ்நானம் குடுக்கற புள்ள மாதிரி அதத் தூக்கி வச்சுட்டு நிக்கிற?"

கிளின்ட் காலுறையோடு இறங்கி வந்திருந்தான். கொட்டாவி விட்டுக்கொண்டே.

"மச்சான், இதுல ஓட்டை எங்க இருக்கு?"

"திருப்பிப் பாரு."

"திருப்பிட்டேன்."

"அடில?"

"பாத்துட்டேன் மச்சான்."

கொட்டாவி பாதியில் நின்றது. குண்டை என்னிடமிருந்து வாங்கினான். வாங்கும்போது, இத்தனை வருஷத்தில் அவன் எந்தக் குண்டையும் வாங்கியிராத மாதிரி, இரண்டு கையையும் கீழே கொடுத்து வாங்கினான். பின்கதவுப் பலகையில் மெதுவாகக் கிடத்தினான். கட்டைவிரலால் ஒரு அங்குலம் விடாமல் தடவினான்.

"நீ பாத்துதானடா காலின்னு சொன்ன?"

"நீதானே மொதல்ல சொன்ன?"

"வெண்டல் அட்டை இருந்துச்சுடா! வெண்டல் அட்டை! அந்தம்மா அப்பத்தான் தட்டோட வந்துச்சு, நான் அட்டையப் பாத்தேன், தேதி இருந்துச்சு. அதுக்கு மேல என்னத்தப் பாக்கறது?"

அட்டையை எடுத்துப் பார்த்தோம். அதே மஞ்சள், அதே செம்புக் கம்பி, அதே சாய்ந்த கையெழுத்து. ஆனால் மை புதிது. மற்ற அட்டைகளில் மை பழுப்பேறியிருந்தது. இதில் நேற்று எழுதியது போல நீலமாக இருந்தது. கிளின்ட் போனை எடுத்து ஆர்டித் அம்மாவைக் கூப்பிட்டு, நானும் கேட்கும்படி வைத்தான்.

"அட்டையா? ஆமா தம்பி, நாலஞ்சு உருப்படி அட்டையே இல்லாம கெடந்துச்சு. மத்ததெல்லாம் பேரும் ஊருமா நிக்குது, இதுங்க மட்டும் மூளியா. எனக்கு மனசு கேக்கல. போன வாரம் நான்தான் ஒக்காந்து எழுதுனேன். அவரு கையெழுத்து எனக்கு நல்லா வரும். நாப்பத்தாறு வருஷமா கிறிஸ்துமஸ் வாழ்த்துல எல்லாம் அவருக்கும் சேத்து நான்தானே கையெழுத்துப் போட்டேன்."

"தேதி எப்டிம்மா போட்டீங்க? காலி பண்ண தேதி?"

"அது எனக்குத் தெரியல. அவரு பொறந்த நாளப் போட்டேன். நல்ல நாளா இருக்கட்டும்னு."

கிளின்ட் கண்ணை மூடிக்கொண்டான். "இந்த பெயின்ட் உரிச்சது ஒண்ணு இருந்துச்சேம்மா. அது எப்ப வந்தது?"

"அதுவா? அதுதான் கடைசி. மார்ச்ல வாங்கிட்டு வந்தாரு. பெயின்ட்ட உரிச்சு வச்சாரு, அப்புறம் கைக்குத் தெம்பில்லன்னு வச்சுட்டாரு. ஏன் தம்பி, எதாச்சும் ஒடஞ்சிருக்கா?"

"இல்லம்மா. ஒண்ணும் ஒடையல."

"பன்னு சாப்டீங்களா?"

"சாப்ட்டோம்மா. நல்லா இருந்துச்சு."

போனை வைத்தான். பன் இரண்டும் சீட்டுக்கு நடுவில் காகிதத்தில் சுற்றியபடி அப்படியே இருந்தன.

எடை பார்க்கும் மெஷின் ஒன்று எப்போதும் பிக்கப்பில் கிடக்கும், குளியலறையில் மனிதர்கள் ஏறி நிற்கிற மெஷின்தான். நான் முதலில் தனியாக ஏறினேன், பிறகு குண்டோடு ஏறினேன். கிளின்ட் கணக்குப் போட்டுவிட்டு என் கையிலிருந்து குண்டை வாங்கித் திரும்பக் கிடத்தினான். காலிக் குண்டின் எடை இல்லை. நிரம்பிய குண்டின் எடை.

"பயிற்சிக்குச் செஞ்சதா இருக்கும்" என்றான். "அதுலயும் எடைக்கு பிளாஸ்டர் போட்டு அடைப்பாங்க. மணல் போடுவாங்க."

"பயிற்சிக்குன்னா நீல பெயின்ட் இருக்கும்."

"பெயின்ட்டதான் அந்த மனுசன் உரிச்சு வச்சிருக்காரே!"

வயலின் மறுகோடியில் ஒரு அறுவடை மெஷின் தூசியைக் கிளப்பிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. சத்தம் வருகிற அளவுக்குப் பக்கத்தில் இல்லை. கிளின்ட் பிக்கப்பைச் சுற்றி ஒரு நடை நடந்தான். சரளைக்கல் காலுறையில் குத்தியிருக்க வேண்டும், அவன் முகத்தில் அது தெரியவில்லை.

"வர்ற வழில கொஞ்சம் முழிச்சப்ப ஒரு கல்லுக்குழி தெரிஞ்சுச்சு, பாத்தியா? தண்ணி நின்னுச்சு. நாலு மைல்கூட இருக்காது."

"பாத்தேன்."

"நல்ல ஆழம் இருக்கும் மாப்ள."

நான் பலகையில் கிடந்த குண்டைப் பார்த்தேன்.

"ஷெரீப்புக்கு போன் பண்ணா என்ன ஆகும்னு உனக்கே தெரியும். குண்டு ஸ்குவாட் வரும். அவனுங்களுக்குச் செத்ததும் ஒண்ணுதான், உசுரோட இருக்கறதும் ஒண்ணுதான். முப்பத்தேழையும் ஒரே குழில போட்டு ஊதி விட்ருவானுங்க. அதோட விடுவானா? 'வீட்ல எதாச்சும் இருக்கா சார்?'னு கேப்பான். நான் இல்லன்னு சொல்லணும். சொன்னா பொய். சொல்லலன்னா..." அவன் முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை. வீட்டின் கீழ்த்தளம் அவனுடைய பதினொரு வருஷம். மற்ற ஆண்கள் மீன் பிடிக்கப் போன சனிக்கிழமைகளில் அவன் பலகை இழைத்து அலமாரி செய்தான். ஒவ்வொரு தட்டுக்கும் மெல்லிய விளக்கு. கோதுமைக் கிடங்கில் பன்னிரண்டு மணி நேரம் தூசி தின்றுவிட்டு வந்து, குளிக்கக்கூடச் செய்யாமல், அந்த விளக்குகளை ஏற்றி ஒரு பியரோடு பத்து நிமிஷம் உட்கார்ந்திருப்பான். அந்தப் பத்து நிமிஷத்துக்குப் பிறகுதான் அவன் மேலே வந்து பிள்ளைகளைத் தூக்குகிற அப்பாவாக ஆவான். அக்காவே இதைச் சொல்லியிருக்கிறாள்.

"ஒண்ணே ஒண்ணுதான்டா" என்றான். "ஒண்ண மட்டும் தண்ணில எறக்கி விட்டுட்டா மத்ததெல்லாம் சுத்தம். யாருக்கும் ஒண்ணும் ஆகாது."

"வெயில் காலத்துல பசங்க குளிப்பாங்க மச்சான்."

"அது நாப்பதடி ஆழம் இருக்கும்!"

அவன் கம்பளியை எடுத்து மறுபடி குண்டைச் சுற்ற ஆரம்பித்தான். ஓரங்களை மடித்து மடித்து. நான் அவன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். குண்டு கல்லுக்குழிக்குப் போய்விடும். இரவுச் சாப்பாட்டுக்கு முன் நாங்கள் வீட்டில் இருப்போம். சின்னவள் மார்னி ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொள்வாள், அவளுக்கு மூன்று வயது, என் தொடைக்குத்தான் வருவாள். அவளும் டெலியாவும் படுக்கிற அறை கீழ்த்தளத்துக்கு நேர் மேலே. இதையெல்லாம் ஒரே சமயத்தில் நினைத்தேனா, ஒவ்வொன்றாக நினைத்தேனா, தெரியவில்லை. வாயைத் திறந்தேன்.

"மச்சான். நான் இத மட்டும் பாக்காம சொல்லல."

அவன் கை நின்றது.

"என்ன சொல்ற?"

"முன்னாடியும் சொல்லிருக்கேன். பாக்காம."

"எத்தனை?"

"தெரியல."

"அஞ்சா? பத்தா?"

"தெரியல மச்சான்."

"எப்போலேர்ந்து?"

"போன வருஷம் மிசூரி போனோம்ல. அந்தத் தடவலேர்ந்துன்னு நினைக்கிறேன். நீ மொதல்ல பாத்து சொல்லிருவ. ஒரு தடவகூட உனக்குத் தப்பு வந்ததில்ல. அப்புறம் நான் சொல்றது... சர்ச்ல எல்லாரும் ஆமென் சொன்னா நம்மளும் சொல்லுவோம்ல. அந்த மாதிரி ஆயிருச்சு."

அவன் என்னை அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் பின்கதவுப் பலகையின் விளிம்பில், குண்டுக்குப் பக்கத்தில், உட்கார்ந்தான்.

"நான் பாத்தேன்" என்றான். "மிசூரிலேர்ந்து வந்த எல்லாத்தையும் நான் பாத்தேன்."

"சரி மச்சான்."

"டார்ச் அடிச்சுப் பாத்தேன்."

"சரி."

என்னைப் பார்க்காமல், வயலைப் பார்த்துச் சொன்னான்.

"நீ பின்னாடி பாப்பன்னுதான்டா நான் வேகமாப் பாத்தேன்."

காற்று வயலிலிருந்து பதரை வாரிக்கொண்டு வந்து எங்கள் தோளில் போட்டது. இருவரும் தட்டிவிடவில்லை. என்னால் நிற்க முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. அந்தக் கம்பளியை முழுதாகச் சுற்றுவதா அவிழ்ப்பதா என்று தெரியாமல் அதன் ஒரு முனை அவன் கையிலேயே இருந்தது. மூன்று நாள் களைப்பும் இப்போதுதான் மொத்தமாக வந்து சேர்ந்தது போலிருந்தது. அங்கேயே அந்த மண்ணில் படுத்துத் தூங்கிவிட்டால் எழுந்திருக்கும்போது வேறு யாராவது எல்லாவற்றையும் முடிவு செய்திருப்பார்கள் என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது.

கிளின்ட் கம்பளியைக் கீழே வைத்துவிட்டுப் போனை எடுத்தான். ஷெரீப்புக்கு இல்லை, அக்காவுக்கு, நானும் கேட்கும்படி.

"லோர்னா, புள்ளைங்க எங்க?"

"மத்தியானத் தூக்கத்துல இருக்குதுங்க. ஏன், குரல் ஒரு மாதிரி இருக்கு? வண்டி கிண்டி..."

"எழுப்பி வெளிய கூட்டிட்டுப் போ. உங்கம்மா வீட்டுக்குப் போயிரு. இப்பவே."

"எதுக்கு?"

"கீழ இருக்கறதுல... சிலத நாங்க சரியாப் பாக்கல."

அக்காவின் குரல் மிகவும் தாழ்ந்து வந்தது. அவள் கத்தும்போது எனக்குப் பயம் வராது. இந்தக் குரலுக்குத்தான் சின்ன வயதிலிருந்து பயம்.

"பதினோரு வருஷமா அதுல ஒண்ணுமே இல்ல, வெறும் இரும்புன்னு சொன்ன வாய்தானே இது?"

"ஆமா."

"என்ன ஆமா? ரெண்டு பேரு பாக்கறதாத்தானே பேச்சு?"

கிளின்ட் என் பக்கம் திரும்பினான். இப்போது சொல்லப் போகிறான் என்று நினைத்தேன். தகுதியானதுதான், வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றேன்.

"ரெண்டு பேருமே பாக்கல" என்றான்.

போன் அவள் சட்டைப் பையில் விழும் சத்தம். கட் ஆகவில்லை. மரப்படியில் காலடிகள். டெலியாவின் தூக்கக் கலக்கமான சிணுங்கல், "ஷூ போடல" என்று. "ஷூ வேணாம், வா" என்று அக்கா. ஒரு கதவு. இன்னொரு கதவு. கார் சீட்டின் பெல்ட் ஒன்று பூட்டிக்கொள்ளும் சத்தம், பிறகு இன்னொன்று. கிளின்ட் அந்த இரண்டாவது சத்தம் கேட்கும்வரை போனை வைக்கவில்லை. அதற்கப்புறம்தான் ஷெரீப் அலுவலகத்துக்குப் போட்டான்.

எடுத்த பெண் நிதானமாகப் பேசினாள். எந்தப் பாதை, எந்த மைல்கல், எவ்வளவு பெரியது. வீட்டு விலாசம் கேட்டாள். கிளின்ட் எழுத்து எழுத்தாகச் சொன்னான், தெருவின் பெயரில் ஒரு எழுத்தை அவள் தப்பாகத் திருப்பிச் சொன்னபோது திருத்தினான். குண்டு ஸ்குவாட் வர ஒன்றேமுக்கால் மணி நேரம் ஆகும், அதற்கு முன்னால் ஒரு போலீஸ் வண்டி வரும். எதையும் தொட வேண்டாம், வண்டியை எடுக்க வேண்டாம், ஆயிரம் அடிக்கு அப்பால் போய் நில்லுங்கள், யாரையும் கிட்டே விடாதீர்கள் என்றாள்.

நடந்தோம். நான் அடிகளை எண்ணிக்கொண்டே நடந்தேன். கிளின்டின் ஷூ வண்டிக்குள்ளேயே இருந்தது. என் ஷூவைத் தரட்டுமா என்று கேட்டேன். அவன் தலையை மட்டும் ஆட்டினான், வேண்டாம் என்று. சரளைக்கல்லை விட்டு இறங்கி ஓரத்துப் புல்லில் நடந்தான். வாய்க்கால் மேல் இருந்த ஒரு சிறு பாலத்தின் விளிம்பில் உட்கார்ந்தோம், நடுவில் ஒரு ஆள் உட்காருகிற இடம் விட்டு. தூரத்தில் பிக்கப், பின்கதவு திறந்தபடி. அந்தத் தூரத்திலிருந்து பார்க்க, யாரோ வீடு மாற்றுகிறவர்கள் பாதியில் விட்டுப் போன வண்டி மாதிரிதான் இருந்தது.

"மச்சான்" என்றேன்.

"பேசாத."

அவன் ஒரு சோளத்தட்டையை ஒடித்து, தோல் தோலாக உரித்துக் கீழே போட்டுக்கொண்டிருந்தான். கீழே விழுந்த தோல்களைக் காற்று என் பக்கம் தள்ளிவிட்டது.

சத்தத்தை முதலில் கேட்டவன் அவன்தான். உரித்துக்கொண்டிருந்த கை நின்றது. அறுவடை மெஷின் மறுகோடியில் திரும்பிவிட்டிருந்தது. புதிய வரிசையைப் பிடித்து நேராக இந்தப் பக்கம் வந்தது. அந்த வரிசை முடிகிற இடத்தில் எங்கள் வண்டி நின்றது.

கிளின்ட் எழுந்து ஓடினான். பாதை வழியாக ஓடவில்லை, அறுத்த வயலுக்குள் இறங்கி, மெஷினை நோக்கிக் குறுக்காக ஓடினான். வெட்டிய தட்டைகள் கத்தி முனைகள் போல நின்றன, அவன் காலுறையோடு அவற்றின் மேல் ஓடினான். நானும் ஓடினேன். "நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். எனக்கே கேட்கவில்லை. மெஷின் ஒரு வீடு அளவுக்கு உயரம், அதன் சத்தம் பூமிக்குள்ளிருந்து வந்தது. கிளின்ட் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குறுக்கும் நெடுக்குமாக வீசினான். விழுந்தான், எழுந்தான், மறுபடி வீசினான். நானும் வீசினேன்.

உச்சியில், கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்த மனிதர் எங்களைப் பார்த்துவிட்டார். வயதானவர், பச்சைத் தொப்பி. ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து, தெரு முனையில் தெரிந்தவர்களைக் கண்டால் செய்வது போல, நிதானமாக எங்களுக்குக் கையாட்டினார். மெஷின் நிற்கவில்லை. அதன் முன்னால் சோளத்தட்டைகள் எட்டெட்டு வரிசையாகத் தலைகுனிந்து உள்ளே போய்க்கொண்டே இருந்தன.